ஏறிக்கரை நிறுத்தம்

அந்த ஏரி முதன்முதலாக ரயில் ஏறியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். டிக்கெட் வாங்கவில்லை. பிளாட்பாரத்தின் சரிவில் மெதுவாக நடந்து வந்து, தையற்காரருக்கும் அவருடைய மாமியாருக்கும் பின்னால் தன் முறைக்காக நின்று, கடைசிப் பெட்டியில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டது. அவ்வளவு பெரிய ஏரி ஒரே பெட்டியில் எப்படி அடங்கியது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. விடுமுறை நாட்களில் அந்தப் பெட்டியில் ஜனங்கள் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு அப்படியொரு சந்தேகம் வராது. கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்று சொன்னால் எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடும். மீன்களையும் அது கையோடு கூட்டிப்போனது. ஆமைகள் மட்டும் அலைச்சல் ஒத்துக்கொள்ளாது என்று பின்தங்கிவிட்டன. கார்டு பச்சைக்கொடியை ஆட்டினார், வண்டி கிளம்பியது. டிக்கெட் கொடுக்கும் பெண் துடைப்பத்தை எடுத்துவந்து பிளாட்பாரத்து ஈரத்தைத் தள்ளிவிட்டு, வண்டி போன திசையை இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்த இடத்தில் ரயில் நின்றதற்குக் காரணமே தாகம்தான். நீராவி இஞ்சின்கள் ஓடிய காலத்தில், மேட்டில் மூச்சுவாங்க ஏறிவரும் வண்டிக்கு நடுவழியில் தண்ணீர் பிடிக்க வேறு கதி கிடையாது. ஏரிக்கரையில் ஒரு பம்ப் ஷெட்டைக் கட்டினார்கள், ஓர் இரும்புத் தொட்டியை உயரத்தில் ஏற்றினார்கள், யானைத் தும்பிக்கை அளவுக்கு ஒரு குழாயை வைத்தார்கள். ஊர் பிற்பாடுதான் வந்தது. பம்ப் ஷெட்டைப் பார்த்துக்கொண்டவர் அந்தப் பெண்ணின் அப்பா. "ஊர்ல எல்லாருக்கும் தண்ணி காட்டுறவன் இருப்பான். நான் ரயிலுக்கே தண்ணி காட்டுனவன்" என்று அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார். ஒவ்வொரு இஞ்சினும் இந்த ஏரியை வயிறு முட்டக் குடித்துவிட்டுத்தான் மேலே போனது. தொலைதூர ஊர்களில், மேம்பாலங்களுக்கு அடியில், சந்தை மைதானங்களுக்குப் பக்கத்தில், ரயில் விசில் அடிக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் இந்த ஏரியினுடையதுதான். கொதித்து ஆவியாகி வேறு ஊர்களின் மேல் மழையாகப் பெய்து, எப்படியோ வழி கண்டுபிடித்து அது திரும்பி வந்துவிடும். பம்ப்காரரின் மகள் சிறு வயதில் விசில் சத்தம் கேட்டால், "நம்ம ஏரி கூப்பிடுது" என்பாள். யாரும் அதைத் திருத்தவில்லை. உண்மையைத் திருத்துவானேன்?

பிறகு டீசல் இஞ்சின் வந்தது. அது தண்ணீர் கேட்கவில்லை. பம்ப் ஷெட்டைப் பூட்டினார்கள், தும்பிக்கைக் குழாயைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள், பம்ப்காரர் ஓய்வுபெற்று அதற்கடுத்த கோடையைப் பார்க்காமல் போய்விட்டார். நிறுத்தத்தை மட்டும் பெரிய மனது பண்ணி விட்டுவைத்தார்கள். டிக்கெட் கொடுக்கும் வேலை அவருடைய மகளுக்குக் கிடைத்தது. ஒற்றை ஜன்னல், ஒரு மர முக்காலி, முத்திரை குத்தும் கருவி, இவ்வளவுதான் அலுவலகம். ஊருக்கே அவள் டிக்கெட்டக்கா ஆனாள். ஏரிதான் பாவம், கிடந்த இடத்தில் கிடந்தது. வண்டி கடந்து போகும்போது மட்டும் கரையில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொள்ளும். வீட்டில் எல்லோரும் கிளம்பிப் போகும்போது விட்டுவிட்டுப் போன பிள்ளை கதவைத் தட்டுவது மாதிரி இருக்கும் அந்தச் சத்தம்.

அந்த நேரத்தில்தான் பழைய பெயர்ப்பலகை துருப்பிடித்து விழுந்தது. புதுப் பலகை எழுத வந்தவர் டிக்கெட்டக்காவின் புதுக் கணவர். தொழில் போர்டு எழுதுவது. கோடு பிடிக்காமலே நேராக எழுதுவார், எழுத்தின் வளைவுகளில் அவர் கைபட்டால் இரும்புத் தகடுகூட மெத்தென்று தெரியும். மஞ்சள் தகட்டில் கறுப்பு எழுத்து. மாமனார் தண்ணீர் காட்டிய நிறுத்தத்துக்குத் தன் கையால் பெயர் எழுதுகிறோம் என்ற பெருமையில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவள் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள். எழுத வேண்டியது 'ஏரிக்கரை'. அவர் எழுதியது 'ஏறிக்கரை'. பிளாட்பாரத்தின் இரண்டு முனையிலும் இரண்டு பலகை. இரண்டிலும் அதே பெரிய ற, ஆள் உயரத்துக்கு, எந்தக் குறையும் சொல்ல முடியாத அழகோடு உட்கார்ந்திருந்தது.

மனிதர்களில் அதை முதலில் கண்டுபிடித்தவர் கார்டு. பல்லை எல்லாம் காட்டிச் சிரித்தார். அன்று மாலைக்குள் போர்டுக்காரருக்குப் 'பெரிய ற' என்று பெயர் விழுந்துவிட்டது. ஆனால் கார்டுக்கும் முன்னால் அதைப் படித்தது ஏரி. பலகை அதன் முகத்தைப் பார்த்துத்தான் நின்றது. டீசல் வந்ததிலிருந்து ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கிடந்த ஏரி அது. ஏறு என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்ததற்கு, ஊரறிய, மஞ்சளில் கறுப்பாக, ஏறி என்றே எழுதிவைத்திருந்தால் என்ன செய்யும்? செவ்வாய்க்கிழமை வண்டிக்குக் கிளம்பிவிட்டது.

முதல் தடவை போனபோது ஊர் கொஞ்சம் கலங்கியது உண்மை. சேற்றில் சாய்ந்து கிடந்த படகின் மேல் படகுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மாலை வண்டியில் ஏரி வந்து இறங்கியது. பிளாட்பாரச் சரிவில் இறங்கி, தன் பள்ளத்தில் காலை நீட்டிப் படுத்து, விடியும்வரை அசையவில்லை. அன்றைக்கு அதன் தண்ணீர் லேசாக உப்புக் கரித்தது. கடைசி ஸ்டேஷனுக்கு அப்பால் கடல் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அப்புறம் பழகிவிட்டது. ஆண்டுக்கு நான்கைந்து தடவை, மனசு வந்தபோது, அது போய்விட்டு வந்தது. தன் அடியில் மூழ்கிக் கிடந்த பழைய நாணயங்களை ஜன்னலில் வைத்து டிக்கெட் வாங்கப் பழகிக்கொண்டது. மீன்களுக்கு அரை டிக்கெட் என்று டிக்கெட்டக்கா தீர்ப்புச் சொன்னாள். குஞ்சுகளுக்கு அதுவும் வேண்டாம். ஏரி எங்கே என்று யாராவது கேட்டால், துணி துவைக்க வந்தவர்கள் வாளியைத் திருப்பி எடுத்துக்கொண்டே, "ஊருக்குப் போயிருக்கு, வியாழக்கிழமை வந்துடும்" என்று பதில் சொன்னார்கள். கிளம்பும்போது பிளாட்பாரப் படியில் கடைசியாக ஓர் அலை மட்டும் ஏறி இறங்கும். அது போயிட்டு வரேன் என்று சொல்வதாக ஊர் எடுத்துக்கொண்டது. போகிறேன் என்று அது ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அந்த ஊர்க்காரர்களுக்குத் தலைக்கனம் வராமல் இருக்குமா? மற்ற ஊர்களிலும் ஏரி உண்டுதான். அவை எல்லாம் கிடந்த இடத்தில் கிடக்கிற ஏரிகள், உலகம் தெரியாதவை. இந்த ஏரி நாலு ஊர் தண்ணீரில் பழகியது. போன இடத்தில் வறண்டு கிடந்தால் இரண்டு நாள் தங்கி, அங்கிருக்கும் கிணறுகளை எல்லாம் விசாரித்துவிட்டு வரும். ஒரு தடவை எங்கிருந்தோ தாமரைக் கொடியைக் கூட்டிவந்தது. இன்னொரு தடவை நீலக் கழுத்துள்ள பறவைகள் அதை நம்பிப் பின்னாலேயே வந்து, டிக்கெட் ஜன்னலுக்கு மேலே கூடு கட்டின. சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் பெண் வீட்டார் வயலைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் சொல்லிவிட்டுக் கடைசியில், "எங்க ஏரி ரயில்ல போற ஏரி" என்று சொல்லிவிட்டு நிறுத்துவார்கள். அதற்குமேல் எந்த மாப்பிள்ளை வீட்டாரும் பேசியதில்லை.

இந்தப் பெருமையில் பங்கில்லாமல் போனவர் ஒரே ஒருவர்தான். பெரிய ற. கடைகளுக்கும் பள்ளிக்கும் பஞ்சாயத்துக் கட்டடத்துக்கும் அவர் எழுதிய நூற்றுக்கணக்கான பலகைகளில் ஒரு புள்ளிகூடப் பிசகியதில்லை. யாருக்கு அது ஞாபகம்? வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் ஜன்னல் வழியே யாராவது ஒருவர் பலகையைக் காட்டிச் சிரிப்பார். பிளாட்பாரத்துக்கு முதுகைக் காட்டித்தான் அவர் நடப்பார். ஒவ்வொரு தடவை ஏரி ஊரிலிருந்து வந்து இறங்கும்போதும் ஊர் கைதட்டும், அவர் வீட்டுக்குள் போய்த் தின்னரில் பிரஷைக் கழுவிக்கொண்டிருப்பார். டிக்கெட்டக்காவுக்கு அது தெரியும். ஆனால் அவளுக்கு நிறுத்தமும் வேண்டும், ஏரியும் வேண்டும், கணவரும் வேண்டும். எல்லாவற்றையும் பேசித் தீர்த்துக்கொள்ள முடியாது என்று விட்டுவிட்டாள். அப்படியே வருஷங்கள் ஓடிப்போயின. அவளுடைய தலை நரைத்தது.

அப்போதுதான் புது அதிகாரி ஆய்வுக்கு வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. எழுத்துப் பிழையைக் கண்டால் மட்டும் அவருக்குக் கண்ணில் மண் விழுந்தது மாதிரி இருக்கும். அன்றைக்குப் பார்த்து ஏரி ஊரில் இல்லை.

"ஏரி எங்க?" என்று கேட்டார்.

"ஊருக்குப் போயிருக்கு சார்" என்றார் கார்டு.

அதிகாரி அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டார். வெறும் பள்ளத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "ஏரியும் இல்ல, எழுத்தும் சரியில்ல. பேரையே தப்பா எழுதி வச்சிருக்கிற ஸ்டேஷனை இப்பத்தான் பார்க்கிறேன். முதல்ல இதை மாத்துங்க. அடுத்த மாசம் வருவேன். இதே மாதிரி இருந்தா இங்க வண்டி நிக்கிறதையே நிறுத்திடலாம்."

டிக்கெட்டக்கா வாயைத் திறக்குமுன் அவள் கணவர் முன்னால் வந்து நின்றார். "நான் மாத்துறேன் சார். இன்னைக்கே மாத்துறேன்." அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்று மாலைக்குள் இரண்டு பலகைகளிலும் பெரிய ற போய்ச் சின்ன ர வந்துவிட்டது. பெரிய எழுத்து இருந்த இடத்தில் சின்ன எழுத்து உட்கார்ந்ததால் பக்கத்தில் பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி இருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அன்றைக்குத்தான் அவர் பிளாட்பாரத்தில் நிமிர்ந்து நடந்தார், பெஞ்சில் உட்கார்ந்து காலாட்டினார், கார்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

வியாழக்கிழமை மாலை வண்டி வந்தது. வழக்கம்போல ஊர்க்காரர்கள் வாளியும் குடமுமாகக் கரையில் நின்றார்கள். கடைசிப் பெட்டியின் ஜன்னலில் ஏரி தெரிந்தது. வாசல்வரை வந்தது. பலகையைப் பார்த்தது. அப்படியே பின்வாங்கி மறுபடி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டது. டிக்கெட்டக்கா கையை ஆட்டினாள், கூப்பிட்டாள், வண்டியோடு பிளாட்பாரத்தின் முனைவரை ஓடினாள். வண்டி போய்விட்டது. மறுநாள் எதிர்த்திசையில் வந்தபோதும் அதே கதைதான். அதற்கடுத்த நாளும். ஏரி அந்தத் தடத்தில் மேலும் கீழுமாகப் போய் வந்துகொண்டிருந்தது, தன் ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி.

பள்ளம் முதலில் சேறாகி, சேறு பாளம் பாளமாக வெடித்தது. கிணறுகள் இறங்கின. ஆமைகள் பிளாட்பார பெஞ்சுக்கு அடியில் வந்து வரிசையாக உட்கார்ந்துகொண்டன. படகுக்காரர் படகைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் துணி காயவைத்தார். பக்கத்து ஊர்க்காரர்கள் எந்தக் காலத்து வயிற்றெரிச்சலையோ தீர்த்துக்கொள்கிறவர்கள்போல, "என்ன, உங்க ஏரி வீட்டை விட்டு ஓடிப்போச்சாமே?" என்று கேட்டார்கள். இந்த ஊர்க்காரர்கள் தண்ணீர் இல்லாததைத் தாங்கிக்கொண்டார்கள். அந்தக் கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை. அதிகாரி திரும்பி வரும் நாள் நெருங்கியது. ஏரியும் இல்லாமல் ஏறுவோரும் இல்லாமல் இருப்பதைப் பார்த்தால் அவர் சொன்னதைச் செய்துவிடுவார். வண்டி நிற்பது நின்றுவிட்டால், ஏரி மனம் மாறி இறங்க நினைத்தால்கூட இறங்க வழியிருக்காது.

டிக்கெட்டக்கா ஜன்னலைச் சாத்தினாள். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தவள் முதல்முறையாகத் தனக்கு ஒன்று கிழித்துக்கொண்டாள். கீழே போகும் வண்டியில் கடைசிப் பெட்டியில் ஏறினாள். ஏரி ஜன்னலோரத்தில் இருந்தது. நிறம் மங்கி, மெலிந்து, விளிம்புகள் பாசியேறிக் கிடந்தது. மீன்கள் இருக்கைகளுக்கு அடியில் ஒண்டியிருந்தன. எதிரே காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பயணி ஒருவர், "எத்தனை நாளா இதே பெட்டியில இருக்கு. காலைக் கீழ வைக்க முடியல. உங்க ஊரு ஏரியா இது?" என்று எரிந்துவிழுந்தார். "ஆமா, எங்க ஊரு ஏரிதான்" என்றாள் அவள், கழுத்தை நிமிர்த்தி. பிறகு அதன் பக்கத்தில் உட்கார்ந்து, அதன்மேல் கையை வைத்தாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல் அடிப்பதுபோல.

கடைசி ஸ்டேஷன்வரை போய், அதே வண்டியில் அவர்கள் திரும்பினார்கள். வழியெல்லாம் அவள் ஊர்க் கதைகளைச் சொல்லிக்கொண்டு வந்தாள். படகுக்காரர் மகளுக்குக் குழந்தை பிறந்தது, நீலக் கழுத்துப் பறவை மறுபடி முட்டையிட்டது, ஆமைகள் பெஞ்சுக்கு அடியில் சண்டை போடுவது. ஏரி கேட்டுக்கொண்டே வந்தது. சிரிக்க வேண்டிய இடத்தில் லேசாக அலையடித்தது. நிறுத்தம் வந்தது. "வீடு வந்துடுச்சு. எறங்கு" என்று அவள் எழுந்து கையை நீட்டினாள். அது அவள் பின்னாலேயே வாசல்வரை வந்தது. பலகையைப் படித்தது. 'ஏரிக்கரை.' படித்ததும் அதன் விளிம்பு சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது.

அந்த இழுப்பை அவளுக்குத் தெரியும். அப்பா போன பிறகு பம்ப் ஷெட்டுக்குப் பின்னாலிருந்த வீட்டை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு நாள் கால்பழக்கத்தில் அவள் அங்கே போய், கதவில் வேறு பெயரைப் பார்த்து, தாழ்ப்பாளைத் தொட்ட கையை அப்படியே இழுத்துக்கொண்டு திரும்பிவந்திருக்கிறாள். இத்தனை வருஷமாகப் பலகையில் இருந்த ஏறி என்பதையே இது தன் பெயராக எடுத்துக்கொண்டிருந்தது; ஏரிக்கரை என்றால் அது வேறோர் ஏரியின் கரை. அங்கே ஏற்கெனவே யாரோ ஓர் ஏரி குடிவந்துவிட்டது என்று இது நினைத்துக்கொண்டிருக்கிறது. அடுத்தவர் வீட்டில் போய்ப் படுக்க ரோஷமுள்ள எந்த ஏரிக்கு மனசு வரும்? ஏரியோடு வண்டி போன பிறகு அவள் பிளாட்பாரத்தில் தனியாக நின்று அழுதாள். அழுகை நின்றதும் வீட்டை நோக்கி நடந்தாள்.

அவர் பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒரு தையல் கடைப் பலகைக்கு ஓரம் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அந்த எழுத்தை மறுபடி மாத்தணும்."

"எந்த எழுத்தை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. வேற ஏரி குடியிருக்குன்னு நெனச்சுக்கிட்டு அது எறங்க மாட்டேங்குது. நாளைக்கு அந்த அதிகாரி வரார். அதுக்கப்புறம் வண்டியே நிக்காது."

அவர் பிரஷைக் கீழே வைத்தார். "தெரியாம எழுதினதுக்கே இத்தனை வருஷம் பேரு வச்சுக் கூப்பிட்டாங்க. தெரிஞ்சே எழுதினா என்ன வைப்பாங்க?"

அவர் கொஞ்ச நேரம் டப்பா மூடியைத் தட்டி மூடிக்கொண்டிருந்தார். பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னார்: "அன்னைக்கு ஏணியைப் புடிச்சுக்கிட்டு நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

"என்ன சொன்னேன்?"

"எழுத்து கீழ எறங்குது, மேல ஏறி எழுதுங்க, மேல ஏறி எழுதுங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தே. காதுல அதுதான் இருந்துச்சு. கையிலயும் அதுவே வந்துடுச்சு."

அவள் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "இத்தனை வருஷமா ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா உன்னையில்ல பெரிய ற-ன்னு கூப்பிட்டிருப்பாங்க? கல்யாணமாகி நாலு நாள்கூட ஆகல. எனக்கு எப்படியோ பழகிடுச்சு."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு மனிதர் தன்மேல் வைத்திருந்த பிரியத்தை ஊரே தினமும் கூவிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது, தனக்குத்தான் அது காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப நீங்க அழிச்சது என்னோட எழுத்து. எனக்கு அது திரும்ப வேணும்" என்றாள்.

மறுநாள் உச்சிவெயிலில், வண்டி வரும் நேரத்துக்குச் சற்று முன்னால், அவர் ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெரு நடுவில் நடந்து வந்தார். ஊர் பின்னாலேயே வந்தது. யாரும் சிரிக்கவில்லை. வண்டி வரும் பக்கத்துப் பலகைக்கு ஏணியைச் சாய்த்தார், சின்ன ர-வை மஞ்சளால் மூடினார், வெயிலில் அது காயும்வரை கைகட்டி நின்றார். தூரத்தில் ஹாரன் கேட்டது. அவள் ஏணியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "மேல ஏறி எழுதுங்க" என்றாள். அவர் குனிந்து அவளைப் பார்த்துவிட்டு ஒரு படி ஏறினார். படகுக்காரர் சொன்னார், தையற்காரர் சொன்னார், அப்புறம் ஊரே சேர்ந்து சொன்னது: "மேல ஏறி எழுதுங்க!" பெரிய ற அந்தப் பழைய இடைவெளியில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. முதல் தடவை தெரியாமல் எழுதியதைவிட இந்தத் தடவை அது இன்னும் அழகாக இருந்தது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள்.

பெயின்ட் சொட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி வந்து நின்றது. முதல் பெட்டியிலிருந்து அதிகாரி இறங்கி வேகமாக நடந்து வந்தார். "என்ன பண்றீங்க? சரியா இருந்ததை ஏன் கெடுக்குறீங்க?"

"கெடுக்கல சார்" என்றார் பெரிய ற, ஏணியில் இருந்தபடியே, பலகையிலிருந்து பிரஷை எடுக்காமல். "என் சம்சாரம் சொன்னதை எழுதுறேன்."

அதிகாரி பதில் சொல்வதற்குள் கடைசிப் பெட்டியின் வாசலில் ஏரி வந்து நின்றது. பலகையைப் பார்த்தது. ஈர எழுத்தில் வெயில் பட்டு மின்னியது. ஏரி ஒரு காலை எடுத்துப் பிளாட்பாரத்தில் வைத்தது. அப்புறம் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. முழுவதும் இறங்குவதற்கு நல்ல நேரம் பிடித்தது. கார்டு பச்சைக்கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைசி மீன்குஞ்சு இறங்கும்வரை வண்டியை விடவில்லை. ஏரி அதிகாரியைச் சுற்றிக்கொண்டு, முழங்கால்வரை அவரை நனைத்துவிட்டு, பெஞ்சுக்கு அடியிலிருந்த ஆமைகளை வாரிக்கொண்டு சரிவில் இறங்கியது. வெடித்த பாளங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. கவிழ்த்துப் போட்டிருந்த படகு தானாகவே நிமிர்ந்து மிதந்தது. காயப்போட்டிருந்த துணி மட்டும் போயிற்று. ஊர் ஒரே குரலாக ஓவென்று கத்தியது. பக்கத்து ஊர்வரை அது கேட்டிருக்கும், கேட்க வேண்டும் என்றுதான் கத்தினார்கள்.

அதிகாரி தன் ஷூவைக் கழற்றினார். உள்ளே ஒரு சின்ன மீன் இருந்தது. அதைக் கையில் ஏந்திக் கரைவரை நடந்துபோய்த் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தார். பலகையின் முன்னால் வெகுநேரம் நின்றார். "எழுத்து தப்புதான். அதுல மாற்றமே இல்ல" என்றார் கடைசியில். இன்னொரு தடவை படித்தார். "ஆனா ஏறினாலும் பெரிய ற. இறங்கினாலும் பெரிய ற. ரயில்வேக்கு வேற என்ன வேணும்?" பிறகு டிக்கெட்டக்காவின் முக்காலியில் ஈரக் காலோடு உட்கார்ந்து உத்தரவு எழுதினார். பயணிகள் வசதியை முன்னிட்டு நிறுத்தம் தொடரலாம், பெயர் இப்போது எழுதியுள்ளபடியே இருக்கலாம் என்று. 'பயணிகள்' என்ற சொல்லில் அவர் ஒரு பிழையும் விடவில்லை.

இன்னொரு முனையில் இருந்த பலகையை மறுநாள் சாவகாசமாக, எழுத்துக்கு நிழல் எல்லாம் வைத்து, அவர் எழுதி முடித்தார். தன் கடைக்கும் ஒரு புதுப் பலகை எழுதிக்கொண்டார். 'பெரிய ற' என்று மட்டும் அதில் இருக்கிறது. தெருவில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் இப்போது உடனே திரும்பிப் பார்க்கிறார். போர்டு எழுதித்தரச் சொல்லி வருகிறவர்களிடம், சரியாக வேண்டுமா அல்லது வேலைக்கு ஆக வேண்டுமா என்று கேட்டு வம்பிழுக்கிறார்.

ஏரி இன்னமும் போய்விட்டுத்தான் வருகிறது. சரிவில் ஏறி வந்து, முன்னால் நிற்பவர்கள் வாங்கும்வரை பொறுத்திருந்து, நாணயங்களை ஜன்னலில் வைக்கும். டிக்கெட்டக்கா எந்த ஊருக்கு என்று கேட்பதில்லை. "எப்ப வருவே?" என்று மட்டும் கேட்பாள். படியில் ஓர் அலை ஏறி இறங்கும். அவள் ரிட்டர்ன் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, வண்டி கிளம்பியதும் துடைப்பத்தை எடுத்துவந்து பிளாட்பாரத்து ஈரத்தைத் தள்ளிவிடுவாள்.